அக்காவின் பாராளுமன்றமும் என் நகரசபையும்

பெரியப்பாவின் மகள் ஜெர்மனியிலிருந்து ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான செய்தி வந்தபோது, நான் சுவிஸின் பாடன் நகரச் சந்தையில் சுற்றாடல் கட்சியின் துண்டுப்பிரசுரங்களோடு மழையில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா தொலைபேசியில் அழுதா, சந்தோஷத்தில்தான். எனக்கும் கண் கலங்கியது. அதையும் சந்தோஷம் என்று பொய் சொல்லப்போவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள், அதற்காக அக்கா என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. எங்கள் அப்பாக்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாக வெளிக்கிட்டவர்கள். காசு வாங்கி ஆட்களை வெளிநாடு சேர்க்கும் ஏஜென்சிக்காரன் பெரியப்பாவை ஜெர்மனியில் விட்டான், அப்பாவைச் சுவிஸில் விட்டான். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இல்லை. நான் தலைகீழாக நின்றாலும் அவளுடைய பாராளுமன்றத்தில் பார்வையாளர் வரிசையில்தான் உட்காரலாம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பிளாஸ்டிக் குவளை விஷயம்தான் பொறுக்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு கோடையில் கோயில் தேர் வந்தது. தண்ணீர்ப்பந்தலைச் சுற்றிச் சனம் குடித்துவிட்டு எறிந்த குவளைகளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குப்பைப் பை ஒன்றை எடுத்துப் பொறுக்கத் தொடங்கினேன். அக்காவும் கூட வந்தாள். பை நிரம்புமுன்பே வெயில் சுடுகிறது என்று போய், நிழலில் இருந்து வடை சாப்பிட்டாள். அந்தக் குவளைகள்தான் இப்போது ஜெர்மன் பத்திரிகைகளில் வருகின்றன. தன் அரசியல் அந்தத் தேர் வீதியில்தான் தொடங்கியதாம். வடையைப் பற்றிப் பேட்டியில் ஒரு வரியும் இல்லை.

அவள் ஏறிய ஒவ்வொரு படியையும் நான் பார்த்திருக்கிறேன். முதலில் அங்குள்ள சுற்றாடல் கட்சியின் இளைஞர் அணி, பிறகு நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதிரான ஊர்வலங்கள், பிரசெல்ஸில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை, கடைசியில் கட்சிப் பட்டியலில் நல்ல இடம். அங்கே சனம் கட்சிக்குத்தான் வாக்களிக்கும், பட்டியலில் மேலே இருப்பவர் உள்ளே போவார். அவளை யாரும் தனியாகத் தெரிவு செய்யவில்லை என்று அம்மாவுக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினேன். எரிச்சல்படாதே என்று சொல்லிவிட்டு, அம்மா அவளுடைய படத்தைச் சின்னம்மாமாருக்கு அனுப்பத் தொடங்கினா.

அடுத்த வருடம் நான் பாடன் நகரசபைக்குப் போட்டியிட்டேன். சின்னச் சபைதான். ஆனால் எங்கள் சனம் என்னையும் ஒரு ஆளாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை இருந்தது. ஆதரித்துப் பேச அக்கா தானாகவே வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

தேர்தலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபம் ஒன்றில் குடியுரிமை எடுத்த தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தன. அக்காவின் ரயில் வருவதற்கு முன் நான் இங்கத்தைய முறையைச் சொன்னேன். வாக்குச்சீட்டில் எங்கள் கட்சிக்காரரின் பெயர்கள் இருக்கும். பிடித்தவரின் பெயரை இன்னொருமுறை எழுதலாம், பிடிக்காதவரின் பெயரை வெட்டிவிடலாம். என் பெயரை இன்னொருமுறை எழுதுங்கோ என்று கேட்டேன். பாதிப் பேர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வெள்ளைச் சப்பாத்தும் சைக்கிள் பையுமாக வந்தாள். அவளுடைய தமிழ் தட்டுத்தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்கே சனம் உருகியது. தண்ணீர் போல ஓடுகிற என் தமிழை இதுவரை ஒருவரும் மெச்சியதில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டுமே என்று அம்மா என் காதுக்குள் சொன்னா. வேட்பாளர் குசினிக்குள் போனாள். அங்கே எனக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்டது.

வாக்குச்சீட்டுகள் தபாலில் வீட்டுக்கு வந்ததும் உதவி செய்ய அம்மாவிடம் போனேன். வாக்கு இரகசியம் என்று கையால் மறைத்து, என்னை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டா.

நான் தோற்றேன். கட்சியில் எனக்கு முன்னால் வந்தவர் என்னைவிடக் கொஞ்ச வாக்குகள் கூட எடுத்துத்தான் உள்ளே போனார். எங்கள் ஆட்களின் சில வீடுகளே அதற்குப் போதும். அன்று பின்னேரம் அக்கா தன் பாராளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பேர்க்கிலிருந்து தொலைபேசி எடுத்தாள். எங்கள் சனம் வாக்களிக்க முன்வருவதில்லை, இது ஐரோப்பா முழுக்க உள்ள பிரச்சினை, இதில் நிறைய வேலை செய்ய வேண்டும் என்று ஆறுதல் சொன்னாள். ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, சனத்தின் மேல் வந்த கோபத்தோடு நேரே அம்மாவிடம் போனேன்.

"அக்காவுக்குக் கைதட்டின ஆக்களில ஆராவது எனக்குப் போட்டவையோ?"

அம்மா கையிலிருந்த துணியை மடிக்காமலே வைத்தா.

"என்ன கதை கதைக்கிறாய்? எல்லாரும் போட்டவை. அக்கா அண்டைக்கு மண்டபத்தில சொன்னவள்தானே, கனக்க யோசிக்கவேண்டாம், தங்கச்சியின்ர பேரில ஒரு புள்ளடி போட்டாக் காணும் எண்டு. ஊரிலயும் அப்பிடித்தானே போட்டனாங்கள். உன்ர பேரே தெரியாத அளவுக்கு நான் பெரிசாப் போட்டனான்."

ஊரிலும் புள்ளடி என்கிற பெருக்கல் குறி, ஜெர்மனியிலும் அதே புள்ளடி. சுவிஸில் பெயருக்கு மேல் புள்ளடி போட்டால் அந்த ஆள் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் சனம் வீடு வீடாக, ஒற்றுமையாக, என்னை வெட்டியிருக்கிறது. நான் நின்று விளங்கப்படுத்தியதை விட்டுவிட்டு, அவள் சொன்ன ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பா முழுவதற்கும் சட்டம் செய்கிறவளுக்குப் பக்கத்து நாட்டின் வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று என்னிடம் ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை.

அவளுக்குச் சொல்லத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். சொன்னால் வருத்தப்படுவாள், மன்னிப்பும் கேட்பாள். பிறகு ஒருநாள் பிரசெல்ஸில் ஏதோ ஒரு மேடையில் இதை அழகாகச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைப்பாள். அதற்கும் அவளுக்குத்தான் கைதட்டுவார்கள். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

நான் தோல்விக்கு அழுகிறேன் என்று அம்மா நினைத்துவிட்டா. பக்கத்தில் வந்து இருந்து என் தலையைத் தடவினா.

"அவள் எவ்வளவு பெரிய ஆளா வந்தாலும் என்ர வாக்கு உனக்குத்தான் பிள்ளை. அடுத்தமுறை இன்னும் அழுத்திப் போடுறன்."