பதினேழாம் பக்கத்தப் பாக்கவும்

தென்காசியில ஆயில் என்ஜின் விக்கிற கடையில எனக்கு மொத வேலை. பி.எஸ்சி. படிச்ச திமிரு வேற. சேந்த அன்னைக்கே முதலாளி அண்ணாச்சி ஒரு இங்கிலீஷ் புக்கத் தூக்கி எம்முன்னால போட்டாரு. "என்ஜின் ஓட்டுத மொறைய தமிழ்ல அடிச்சுக் குடுலே. வாங்குத வெவசாயச் சம்சாரிமாருக்கு ஆளுக்கொண்ணு குடுக்கணும்."

நாலே நாள். டைப்ரைட்டர்ல ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல்ல உருட்டி, மூலையில பின் அடிச்சு இருபத்தாறு தாளு. மொதல்ல அண்ணாச்சி வாழ்த்துரை, அப்புறம் டீசல் என்ஜின் வரலாறு, பாகங்கள், பராமரிப்பு. படமெல்லாம் கடைசியில மொத்தமா. அப்படியே காலேஜ் ரெக்கார்ட் நோட்டு! நானே தடவித் தடவிப் பாத்துக்கிட்டேன்.

ஆவணியில ஒரு நாள் காலையில, கடையத்துல இருந்து சண்முகவடிவு அக்கா கடைக்கு வந்துட்டாவ. எங்ககிட்ட என்ஜின் வாங்குனவுக.

"மூணு நாளா என்ஜின் ஓடல தம்பி. நெல்லு கதிர் வாங்குத நேரம். இன்னைக்கித் தண்ணி பாயலன்னா அம்புட்டும் பதராப் போயிரும்."

மெக்கானிக் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிட்டாரு. அண்ணாச்சி என்னயப் பாத்தாரு. "நீதானலே புக்கு எழுதுன? போ."

போனேன். வயலு வெடிச்சுக் கெடக்கு. எனக்கு ஒரு கை சுத்துத ஹேண்டில்ல, இன்னொரு கை சுத்த லேசாக்குத லிவர்ல. அக்கா என் புக்கப் பிரிச்சுச் சத்தமா வாசிச்சாவ.

"லிவரைத் தூக்கவும். பதினேழாம் பக்கத்தப் பாக்கவும்." பெறட்டுனாவ. "ஆறாவது படத்தப் பாக்கவும்." மறுபடி பெறட்டுனாவ. நான் சுத்திக்கிட்டே இருக்கேன், தோள்பட்ட கழண்டுரும் போல. என்ஜின் ஒரு தும்மல் கூடப் போடல.

"எந்த மூதி இத எழுதுனது? என்ஜினத் தொட்டிருப்பானா அவன்?"

"நான்தான்க்கா."

"அப்ப நல்லாச் சுத்து."

ஆனா அக்கா சும்மா நிக்கல. புக்குல இருந்த பின்னப் பிடுங்கித் தாளையெல்லாம் பம்புசெட் ரூம் தரையில பரப்புனாவ. காத்துல பறக்காம ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கல்லு. வாழ்த்துரையும் வரலாறும் மூலைக்குப் போச்சு.

"கை மொதல்ல எதத் தொடும்?"

"டீசல் டேங்க."

"அந்தத் தாள எடு."

எடுக்கும்போதுதான் எனக்கே கேக்கத் தோணுச்சு. "டேங்க் எப்பவாவது காலியாச்சாக்கா?"

"என்ஜின் நின்ன அன்னைக்கி வத்திப்போச்சு. பெறவு ஊத்திட்டேனே!"

டேங்க் வத்துனா குழாய்ல காத்து அடைச்சுக்கிடும். ஸ்க்ரூவ லூஸ் பண்ணிக் காத்த வெளிய விடணும். அதயும் நான் எழுதித்தான் இருந்தேன். எங்கன? இருபத்திமூணாம் பக்கம், வருடாந்திரப் பராமரிப்புக்குக் கீழ!

ஸ்க்ரூவத் திருகுனேன். நொர நொரயா வந்துச்சு, அப்புறம் சுத்தமா டீசல். இறுக்கிட்டுச் சுத்துனேன், லிவர விட்டேன். டப்... டப் டப் டப். தண்ணி வாய்க்கால்ல விழுந்துச்சு. அக்கா மம்பட்டியோட மடை தொறக்கப் போயிட்டாவ. என்னயத் திரும்பிக்கூடப் பாக்கல.

தரையில கெடந்த தாளையெல்லாம் கை தொடுத வரிசையில அடுக்கிக் குறிச்சுக்கிட்டு வந்து புதுசா அடிச்சேன். ஒரு வேலைக்கு ஒரு பக்கம், படமும் அதுலயே. மொதப் பக்கத்துல கொட்ட எழுத்துல: என்ஜின் ஓடலையா?

அண்ணாச்சி குதிச்சாரு. "எடுத்த எடுப்புல ஓடலன்னு போட்டா எவன்லே வாங்குவான்?"

"அண்ணாச்சி, இத வாசிக்கவன் ஏற்கெனவே வாங்கிட்டான்."

"சரி, உருட்டுலே"ன்னாரு. புதுசா வேலைக்கு வார பயலுகளுக்கு நான் சொல்லுதது இம்புட்டுதான்: மொதல்ல நீயே ஒரு தடவ சுத்திப் பாரு. அப்புறமா டைப்ரைட்டர்ல கைய வையி.