ரெஜினா செய்யாத பிழை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது. "நம்ம டிடிபி அக்கா தவறிட்டாங்களாம்." அதன் கீழே மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நான்காவது ஆள், "அப்போ ஆறாம் பாகம் லேட்டாகுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள். எப்படி இறந்தார், எத்தனை வயது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ரெஜினாவுக்கு நாற்பத்தேழு வயது. உத்திரமேரூர் கடைத்தெருவில் தன் கணினி அச்சுக்கோப்புக் கடையின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. பிள்ளைகள் இல்லை. கணவர் சூசை கட்டட வேலைக்குப் போகிறவர். அந்த எட்டுப் பேரைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அவர்களைவிட நான் மோசம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"ஏழாம் மதகு" நாவல் வரிசையில் முதல் நான்கு பாகங்களை நான் கையால் எழுதினேன், ரெஜினா கணினியில் அடித்தார். தொலைந்துபோன ஏரியின் மதகைத் தேடி ஓர் இளவரசன் ஆறு ஏரிகளைக் கடந்து போகும் கதை என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வாசகர்கள் தொல்லை கொடுப்பார்கள் என்று பயந்து புத்தகத்தில் என் எண்ணைப் போடவில்லை. இரண்டாம் பக்கத்தில் "ஒளியச்சு" என்று போட்டு ரெஜினாவின் கடை எண் மட்டும் இருந்தது. அதையே ஆசிரியர் எண் என்று நினைத்து நீங்கள் எல்லோரும் அவரைத்தான் அழைத்தீர்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவர், என் இளவரசன் எப்போது அரக்கனைக் கொல்வான் என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் சலித்துக்கொள்ளவில்லை. யார் அழைத்தார், என்ன சொன்னார் என்று ஒரு பழைய நோட்டில் எழுதிவைத்து, நான் கடைக்குப் போகும்போது வாசித்துக் காட்டுவார். ஒருநாள் தாமலிலிருந்து ஒரு விவசாயி அழைத்ததைச் சொன்னார். "மதக தொறந்தா தண்ணி எந்தப் பக்கம் போவும்னுகூட உங்க ராஜாவுக்குத் தெரிலன்றாரு சார். நாப்பது நாளு நடந்துக்கினே கீறானே, எங்க நாஷ்டா துன்னான்னு கேக்கறாரு." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நல்லதா நாலு பேர் சொல்லியிருப்பாங்களே, அதை மட்டும் சொல்லு" என்றேன். அன்றிலிருந்து நல்லதை மட்டும்தான் வாசித்தார். மற்றவை அவர் காதோடு நின்றுவிட்டன. ஊரே என்னைக் கொண்டாடுவதாக நான் இரண்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நல்லதாக வந்த அழைப்புகளிலும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. எல்லோரும் கேட்டது முனியனை. இளவரசனின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவனை. கதைக்கு ஒரு மூட்டை வேண்டும், மூட்டைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று போகிற போக்கில் நான் எழுதிச் சேர்த்த பாத்திரம் அவன். இளவரசனை விசாரிக்க ஆள் இல்லை, முனியன் எப்படி இருக்கிறான் என்று கேட்க ஊர் ஊராக ஆட்கள் இருந்தார்கள். ரெஜினாவும் அவன் கட்சிதான். "அவனுக்குப் பேரு குட்த்தீங்க, ஊரு குடுக்கலியே சார். நடக்கறது ராஜா, தூக்கறது அவன். கால் வலிக்குதுன்னு ராஜாதான் ரெண்டு பக்கத்துக்குப் புலம்பறாரு" என்றார். எங்கள் வீட்டில் நிலம் உண்டு. அவருடைய அப்பா அந்த நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் பாகத்தில் முனியனைக் கொன்றேன். அரை வாக்கியம். "முனியன் மதகில் விழுந்து மாள, இளவரசன் மேலே நடந்தான்." அதற்கு மேல் அவனுக்கு ஒரு சொல்கூடத் தருவதில்லை என்று வீம்பாகவே எழுதினேன். அந்தப் பக்கம் வந்ததும் ரெஜினா என்னை அழைத்தார். "சார், நாலு தபா பட்ச்சிட்டன். மெய்யாலுமே சாவறானா?"

"எழுதினதை அடிம்மா."

"அடிக்கிறன் சார். ஆனா நல்லால்ல."

எழுதியதை எழுதியபடியே அடித்தார். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். நான்கு பாகங்களில் அவர் கையால் வந்த பிழை என்று ஒன்றை நான் கண்டதில்லை. பிழைகள் எல்லாம் என்னுடையவை. பாதியை அவர் எனக்கே தெரியாமல் திருத்தியிருந்தார்.

புத்தகம் வந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? ஏனாத்தூரில் படிக்கும் ஒரு பெண் ரெஜினாவிடம் போனில் அரை மணி நேரம் அழுதிருக்கிறாள். ஓர் ஆள் தினமும் சாப்பாட்டு நேரம் பார்த்து அழைத்து, "கொன்னுட்டியாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கிறார். இதையெல்லாம் ரெஜினா அப்போது என்னிடம் சொல்லவில்லை. நல்லதை மட்டும் சொல் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

எனவே காஞ்சிபுரத்தில் நடந்த வாசகர் கூட்டத்துக்கு நான் மாலையை எதிர்பார்த்துப் போனேன். பேசத் தொடங்கும் முன்பே அந்தத் தாமல் விவசாயி எழுந்துவிட்டார். "அரை வரில சாவடிச்சிட்டீங்களே, அவன் இன்னா நாயா?" மண்டபம் முழுக்கக் கைதட்டல். அடுத்தடுத்து எழுந்தார்கள். இனி உங்கள் புத்தகத்தைத் தொடமாட்டோம் என்றார்கள். பிறகு என் வாயிலிருந்து வந்ததை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். "அது நான் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய தாள். ஒளியச்சில் தவறிச் சேர்ந்துவிட்டது. முனியன் சாகவில்லை" என்றேன். கைதட்டல் அப்படியே என் பக்கம் திரும்பியது. "யார் சார் அடிச்சது?" என்று யாரோ கேட்டார்கள். விற்பதற்காகப் புத்தகக் கட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார் ரெஜினா. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். ஒருவர் சீட்டி அடித்தார். ரெஜினா புத்தகங்களை எண்ணிக் கட்டி வைத்துவிட்டு வெளியே போனார். நான் வரும்வரை வாசலில் நின்றிருந்தார். "வாயால சொன்னதோட வுட்டிருக்கலாம் சார். கைய வேற காட்னீங்க" என்றார். பிறகு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு அவருக்கு வந்த அழைப்புகளைப் பற்றி எழுதக் கூசுகிறது. முனியனைக் கொன்றவள் என்றார்கள். தமிழ் தெரியாதவள் என்றார்கள். சாதி சொல்லியும் திட்டினார்கள். கதைக்குள் ஒரு கூலிக்காரன் செத்ததற்கு அழுதவர்கள்தான் அவர்களும். கெட்ட பெயர் கடைத்தெருவுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. பள்ளிக்கூடம் கேள்வித்தாளை எதிர்க்கடைக்கு மாற்றியது. ஒருநாள் நான் அவர் கடையில் நின்றிருந்தபோது பத்திரிகை அடிக்க ஒரு குடும்பம் வந்தது. உள்ளே நுழையும் முன்பே கூட வந்தவர் அவர்களை இழுத்தார். "இந்தம்மாவா? தப்புத் தப்பா அடிக்கும்பா. மாப்ள பேர மாத்திட்டா அப்புறம் பேஜாரு." ரெஜினா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வெட்கமில்லாமல் ஐந்தாம் பாகத்தின் கையெழுத்துப் படியையும் அவரிடமே கொண்டுபோனேன். முனியன் மதகிலிருந்து எழுந்து வருவதுதான் முதல் பக்கம். நின்றபடியே படித்தார். முகம் ஒரு கணம் மலர்ந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு தாள்களைச் சேர்த்துக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"வேற எங்கனா குடுங்க சார். அவன உயிரோட கொண்டாந்துட்டீங்க, சந்தோசம். என்ன யாரு கொண்டார்றது?"

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், எனக்குத்தான் வந்தது. காஞ்சிபுரத்தில் வேறு இடத்தில் அடித்தேன். அந்தக் கடைக்காரர் தன் எண்ணைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ரெஜினாவின் எண் இருந்த பழைய இரண்டாம் பக்கத்தையே போட்டுவிட்டேன். அடிக்காத புத்தகத்துக்கும் ரெஜினா திட்டு வாங்கினார்.

புதன்கிழமை அடக்கம். பாதிரியார் இன்னும் வந்து சேரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூசையின் சட்டைப்பையில் ரெஜினாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "உங்க புக்கு ஆளுங்கதான் சார். நீங்களே பேசுங்க."

எடுத்தேன். "அந்தத் தப்பு தப்பா அடிக்கிற அக்கா இருக்காங்களா? அஞ்சாம் பாகத்துலயும் ஒரு பிழை கீது" என்றது ஓர் இளவயதுக் குரல். அந்த அக்கா எனக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் கிடந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சூசை போனை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று சூசையின் வீட்டுக்குப் போய் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். "இத்த அவ கீறப்ப சொல்லியிருந்தா கட நடந்துக்கினு இருந்திருக்கும் சார்" என்றார். பிறகு, "போடுங்க, போடுங்க. உங்களுக்கு நல்ல பேரு வரும்" என்றார்.

அவர் சொன்னது சரி. பெருந்தன்மை, நேர்மை என்றெல்லாம் எழுதப்போகிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். ரெஜினாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, நான் அவருக்குக் கொடுத்த கெட்ட பெயரைத்தான். அந்த அரை வாக்கியத்தை எழுதியவன் நான். மண்டபத்தில் பொய் சொன்னவனும் நான்தான். இரண்டு ஆண்டுகளாக அவரை என்னவெல்லாம் சொன்னீர்களோ அதையெல்லாம் ஒரு சொல் குறையாமல் என்னைச் சொல்லுங்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன், எனக்குக் கேட்கும்.