மரக்கட்டையும் மல்லிகை ஸ்ப்ரேயும்

சொல்லப்போவது நடந்த கதை. பெரிய அத்தான் தெருமுனையில் நின்று மோந்தே மூன்றாவது மாடி ஏசியில் பூசணம் என்று சொல்லிவிடுவார். சரி, தெருமுனை இல்லை, வாசற்படி. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன்.

அக்காவின் கணவரான அவரும், தங்கையின் கணவரான சின்னவரும் ஜன்னல் ஏசி மெக்கானிக்குகள். மேல்வீட்டில் பெரியவர், கீழ்வீட்டில் சின்னவர். பெரியவர் ஃபில்டரைக் கழுவிக் காயவைப்பார். தண்ணீர் வெளியே வடிய ஏசியின் பின்பக்கத்தைத் தாழ்த்துவார். அணைக்கும் முன் வெறும் ஃபேனை ஓடவிடச் சொல்லி உயிரை வாங்குவார். சின்னவர் மல்லிகை ஸ்ப்ரே அடித்துவிட்டுச் சிரிப்பார். ஊர் சின்னவரைத்தான் கூப்பிட்டது. பெரியவரின் வயிற்றெரிச்சலில் நூறு பேருக்குச் சமைக்கலாம்.

ஒருநாள், மேல் ஏசித் தண்ணீர் கீழே காயும் துணியில் சொட்டுகிறது என்று தங்கை அக்காவிடம் முறையிட்டாள். அதை நிறுத்தச் சொன்ன அக்காவின் பேச்சைத் தட்ட முடியாமல், தப்பென்று தெரிந்தே அத்தான் பின்பக்கம் ஒரு மரக்கட்டையைச் சொருகி உயர்த்தினார். சொட்டு நின்றது. தண்ணீர் உள்ளேயே தேங்கி, பத்தே நாளில் அறை முழுக்க ஈரச்சாக்கு நாற்றம். அக்கா யாரைக் கூப்பிட்டாள்? சின்னவரை. அவர் மல்லிகை அடித்துவிட்டுப் போனதும் அக்கா அத்தானிடம் திரும்பினாள்.

"வாசனையப் பாருங்க. நீங்களும் ஒரு பாட்டில் வாங்கி வெச்சுக்கலாம்ல?"

அன்று அத்தான் சாப்பிடவில்லை. 'நீங்கதான் சரி பண்ணீங்க' என்று அக்கா வாயால் ஒருமுறை கேட்டால் போதும் அவருக்கு.

மூன்றாம் நாள் நாற்றம் மல்லிகையையும் கூட்டிக்கொண்டு திரும்பியது. அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து அத்தான் கட்டையை உருவினார், உள்ளே துடைத்தார், ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டினார், ஃபேனை ஓடவிட்டார். அக்கா வந்து மூச்சை இழுத்தாள்.

"பாத்தீங்களா, அவர் அடிச்ச ஸ்ப்ரே இப்பதான் வேலை செய்யுது."

இந்தக் கதையை அடுத்த வாரம் கீழ்வீட்டில், எல்லோரும் சாப்பிடும்போது சொன்னேன். தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ ஒரு வாரமா என் பெட்ஷீட் நனையறது உங்க வேலையா, அத்தான்?"

"உன் புருஷன்கிட்ட கேளு. மல்லிகை அடிச்சுக் காய வைப்பான்."

"நான் என்னண்ணே பண்ணேன்?" என்றார் சின்னவர்.

"அவரை ஏன் இழுக்கறீங்க? நாத்தம் புடிச்ச ஏசிய வெச்சுக்கிட்டு..."

அக்கா எழுந்துவிட்டாள். "யாருடி நாத்தம்? எங்க வீட்டுக்காரர் கையால சரி பண்ண ஏசி அது. சொட்டத்தான் செய்யும்."

அத்தான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். பரிமாற ஆளில்லை. கரண்டி இப்போது தங்கையின் கையில் வேறு வேலையாக இருந்தது.