பாடாத பாட்டுக்குப் போர்த்திய சால்வைகள்

இரண்டு மணிக்குத் தொடங்கவேண்டிய விழா மூன்றுக்குத் தொடங்கியது. மெல்பேர்னின் மேற்குப் புறநகரில், கவுன்சிலுக்குச் சொந்தமான மண்டபம். ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு மண்டபத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்று வாசற்கதவிலேயே பெரிதாக ஒட்டியிருந்தார்கள்.

விழா ஒரு பாடகிக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில், கிற்றாரும் ட்ரம்ஸும் பின்னால் ஒலிக்க, புளூஸ் பாடியவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்தத் துயரப் பாட்டை முதலில் ஆங்கிலத்தில் பாடினார். பிறகு அதே அமைப்பில் தமிழில் தானே எழுதிப் பாடினார். எனக்குத் தெரிந்தவரை, அவருக்கு முன் அதைச் செய்த தமிழ்ப் பெண் யாரும் இல்லை. வானொலியில் சில பாட்டுகள் போயின. பிறகு கல்யாணம் நடந்தது. மன்னாரில் புகுந்த வீட்டுக்கு "ஹோட்டலில பாடினவள்" என்ற பேச்சு போய்ச் சேர்ந்தது. பாட்டு நின்றது. போர் வந்தது. மெல்பேர்னுக்கு வந்து பிஸ்கற் தொழிற்சாலையில் ஓய்வுபெறும் வரை வேலை செய்தார்.

இப்போது அதே மேற்குப் பக்கத்தில், ட்ருகனினா புறநகரில் மகளோடு இருக்கிறார், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கணவர் இறந்த பிறகுதான் மறுபடி பாடத் தொடங்கினார். மருமகன் இரவு வேலை செய்து பகலில் தூங்குபவர் என்பதால் பயிற்சி கராஜில். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பாடினார். குரல் நன்றாக இறங்கியிருந்தது. அதை நான் சொன்னேன்.

"இப்பதான் தம்பி இந்தப் பாட்டுக்கேத்த குரல் வந்திருக்கு," என்றார். "அப்ப சும்மா கீச்சிட்டனான்."

எதற்கு இத்தனை பயிற்சி என்று கேட்டேன்.

"என்ர செத்தவீட்டில எல்லாரும் என்னைப் பற்றிக் கதைப்பினம். அதுக்கு முதல் நான் ஒருக்காப் பாடவேணும். அவ்வளவுதான்."

ஆகவே எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் விழா எடுக்கிறோம் என்று வந்தபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பாட விடுவியளோ?" தலைவர் சொன்னார்: "என்ன அன்ரி, அதுக்குத்தானே விழாவே!"

விளக்கேற்றினார்கள். போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை. கவுன்சிலர் ஒருவர் வணக்கம் என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சாவகாசமாக ஆங்கிலத்தில் பேசினார். வாழ்த்துரைகள் அதற்குப் பிறகு. தலைவர் அவரைப் பக்திப் பாடகி என்றார். எங்கள் சமூகத்தின் குத்துவிளக்கு என்றார். ஹோட்டல் என்ற சொல் வரவில்லை. புளூஸ் என்ற சொல்லும் வரவில்லை. நான் பத்திரிகையில் வேலை பழகியவன். பேச்சில் எது விடுபடுகிறது என்று கவனிப்பது பழகிப்போனது. ஒரு பெண்ணின் பாட்டை ஐம்பது வருடம் அழுக்கு என்று சொன்னவர்கள், இன்று அதைக் கழுவித் துடைத்து வேறொன்றாக்கி அவர் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சால்வைகள் வந்தன. எங்கள் ஊரில் ஒரு சங்கம் சால்வை போர்த்தினால் மற்றச் சங்கமும் போர்த்தியாக வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள், முதியோர் சங்கம், கோயில், தேவாலயம், வீடு விற்கும் முகவர் ஒருவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிற்றுரை, ஒரு படம். சரியாக எடுபடாத படத்துக்காக ஒரு சால்வையைக் கழற்றி மறுபடி போர்த்தினார்கள். பாடகி குள்ளமானவர். கடைசியில் சரிகைக்கு மேலே மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. மேடையின் ஓரத்தில், அவருக்கு வாசிக்க வந்திருந்த கிற்றார்காரர் மூன்றாம் முறையாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

பாடகி தலைவரைக் கையால் கூப்பிட்டார். தலைவர் குனிந்து, மைக்கிலேயே சொன்னார்: "இருங்கோ அன்ரி, இன்னும் ரெண்டு சங்கம்தான்."

ஏழு மணி நெருங்க, மண்டபத்துக் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கியபடி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், வாசலில், ஒரு குடும்பம் பிறந்தநாள் பலூன்களோடு காத்து நின்றது. "நேரமின்மை காரணமாக அன்ரியின் பாடலைப் பிறிதொரு நாளில்," என்று தலைவர் தொடங்கினார்.

பாடகி எழுந்தார். சால்வைகள் வழுக்கி விழ விழ மைக்குக்கு நடந்தார். "ஒரு பாட்டு. நாலு நிமிஷம்," என்றார்.

"அன்ரிக்கு எப்பவும் பகிடி!" என்றார் தலைவர். சபை சிரித்தது. சிரித்ததோடு நிற்காமல் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் மைக்கை நிறுத்தினார்கள். சிரித்த முகங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாத முகங்கள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வெளியே வந்ததும் பாடகி சால்வைப் பையை என் காரின் பின்பெட்டியில் எறிந்தார். வீட்டு வாசலில் எடுத்துக் கொடுக்கப் போனேன். "உன்ர காரிலயே கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் தலைவர் விழாச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் எழுதும் மாதப் பத்திரிகைக்காக. முடிவில் இப்படி இருந்தது: தமது இனிய குரலால் பாடி அனைவரையும் மகிழ்வித்தார். நான் அழைத்தேன்.

"அண்ணை, அவ பாடேல்லையே."

"தம்பி, விழா எண்டா பாடினவ எண்டுதானே போடுறது. பாடேல்லை எண்டு போட்டா அவவுக்குத்தான் அவமானம்."

இதைப் பாடகியிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கராஜுக்குப் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை.

"பாடினனெண்டு போடப்போகினமோ? சரி. அப்ப நான் பாடத்தான் வேணும். பேப்பர் எப்ப அச்சுக்குப் போகுது?"

"மாதக் கடைசி."

"எங்கயாவது ஒரு மேடை பார். சால்வை இல்லாத மேடையாப் பார்."

அப்படித்தான் இரண்டு ஞாயிறு கழித்து ஒரு பப்புக்குப் போனோம். பிற்பகலில் யாரும் வந்து புளூஸ் பாடலாம். பாரில் பேரைச் சொன்னால் ஆளுக்கு மூன்று பாட்டு. பெரும்பாலும் நரைத்த தாடி வெள்ளைக்காரர்கள். பியர் நாற்றத்தில் கால் ஒட்டும் கம்பளம். அவர் மடிப்புக் குலையாத பருத்திச் சேலையில், இஞ்சிச் சோடாவோடு, நேராக உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் வெறித்துப் பார்க்கவில்லை. யாரும் கும்பிடவும் இல்லை.

அவருடைய முறை வருவதற்குச் சற்று முன்பு ட்ரம்ஸ்காரர் வாசிப்பை நிறுத்தினார். பெரிய ட்ரம் அளவுக்கு மிஞ்சி அதிர்கிறது, உள்ளே திணிக்க யாரிடமாவது போர்வை இருக்கிறதா என்று கேட்டார்.

"தம்பி," என்றார் அவர் என்னிடம், "காரில கிடக்கிறதைக் கொண்டா."

மேலே இருந்த சிவப்புச் சால்வையைக் கொண்டுவந்தேன். ட்ரம்ஸ்காரர் சரிகையைத் தடவிப் பார்த்தார். இவ்வளவு அழகான துணி பாழாகிவிடாதா என்று தயங்கினார். ஒரு பை நிறைய இருக்கிறது, போதாவிட்டால் சொல் என்று பாடகி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். முதியோர் சங்கத்தின் பெயர் பொறித்த சரிகைக் கரை ட்ரம்முக்குள் போனதை நான் பார்த்தேன். முழு மனதோடு பார்த்தேன்.

மேடையில் பப்பின் கிற்றார்காரர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: எந்தச் சுருதி, என்ன கீ?

மண்டபத்தில் நாலு மணி நேரம் அவரைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

"ஜி," என்றார். "ஸ்லோவா."

*கப்பலுக்குப் போனவரே, கடிதம் ஏன் போடவில்லை,*
*கப்பலுக்குப் போனவரே, கடிதம் ஏன் போடவில்லை,*
*நீங்கள் வளர்த்த பூனைக்கே உங்கள் பேர் நினைவில்லை.*

இருபது வயதில் எழுதிய பாட்டு. இரண்டாவது அடியில் குரல் ஓரிடத்தில் உடைந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தைக் கீழே இறக்கிப் பாடினார். இறக்கிய இடத்தில் பாட்டு கனத்தது. பாரில் பியர் வாங்க நின்ற ஒருவர் வாங்காமல் திரும்பி நின்றார். இன்னொருவர் கடைசிவரை தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை வந்த இடத்தில் அவர் குரலில் இருந்த ஏளனத்துக்குத் தமிழ் தெரியாத இரண்டு பேர் சிரித்தார்கள். சரியான இடத்தில் சிரித்தார்கள். மூன்று பாட்டும் முடிந்ததும் இன்னொன்று என்று யாரோ கத்த, கிற்றார்காரர் தலையாட்டினார். நான்காவதும் பாடினார்.

காரில் ஏறியதும் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "இப்ப போடு," என்றார்.

அவர் பாடினார் என்று எழுதினேன். எங்கே பாடினார், எங்கே பாடவில்லை என்பதையும் எழுதினேன். பத்திரிகை வந்த அன்று காலையிலேயே தலைவர் அழைத்தார்.

"பப் எண்டு போடத்தான் வேணுமோ தம்பி? அன்ரியின்ர மரியாதை என்னாகிறது?"

"பாட விட்டிருந்தா மண்டபம் எண்டு போட்டிருப்பன் அண்ணை."

தலைவர் பேச்சை மாற்றினார். முதியோர் சங்கம் போர்த்திய சிவப்புச் சால்வை மறுபடி படம் எடுக்கத் தேவைப்படுகிறது, ஒரு நாளைக்கு வாங்கித் தர முடியுமா என்று கேட்டார்.