வலப்பக்க நிழல்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஹார்டுவேர் கடை மாடியில்தான் எங்கள் ஓவிய வகுப்பு. வகுப்பு என்று சொல்வதே அதிகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபது பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதன்மேல் இருக்கும் பித்தளைச் செம்பையும் இரண்டு மாம்பழத்தையும் பார்க்காமலே வரைவோம். பார்க்க வேண்டியது கரும்பலகையை. அதில் மாஸ்டர் அதே செம்பையும் மாம்பழத்தையும் கலர் சாக்பீஸால் போட்டு வைத்திருப்பார். செம்பின் வயிற்றில் ஒரு வெள்ளைப் பொட்டு, மாம்பழ மூக்கில் கொஞ்சம் சிவப்பு, நிழல் எப்போதும் வலப்பக்கம். அப்புறம் நிஜ மாம்பழம் எதற்கு என்று கேட்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் அது மாஸ்டர் வீட்டுக்குப் போகும்.

ஒரு நாள் மேசைக்கு எதிர்ப்பக்கம் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் நிழல் இடப்பக்கம் விழுந்தது. அப்படியே போட்டேன். மாஸ்டர் ஈரப் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து அழித்துவிட்டு, வலப்பக்கம் அவரே ஒரு நிழலை இழுத்தார்.

“நீ பரீட்சைக்கு வந்தியா, செம்பப் பாக்க வந்தியா?” என்றார்.

அந்த ஆள்மேல் எனக்கிருந்த இளக்காரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அரசு ஓவியத் தேர்வில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டவள் நான். அதில் பாஸானால்தான் டிராயிங் டீச்சர் பயிற்சிக்கு மனுப் போட முடியும். இந்தத் தடவையும் போச்சென்றால் எறையூரில் வீட்டோடு கிட என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு செம்பை மனப்பாடம் செய்தேன்.

கூட இருந்தவர்களை ஆட்டுமந்தை என்று மனசுக்குள் திட்டுவேன். அதிலும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து சென்ட் மணக்க வரும் ஓர் அக்காவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் துபாயில், பொழுது போகவில்லை என்று சேர்ந்தாராம். போர்டைப் பார்த்துப் போடக்கூட அவருக்கு வராது. வாரம் ஒரு விதமாகச் செம்பு கோணிக்கொண்டு நிற்கும். இதெல்லாம் எதுக்குத்தான் பஸ் ஏறி வருதோ என்று முணுமுணுப்பேன்.

தேர்வு அரியலூரில் நடந்தது. மேசைமேல் செம்பும் இல்லை, மாம்பழமும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு செங்கல், ஒரு பூசணிக் கீற்று. ஜன்னல் எனக்கு வலப்பக்கம் இருந்தது. நிழல் இடப்பக்கம் நீளமாகக் கிடந்தது. கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் கை ஓடவில்லை. பாதி நேரம் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. வாளிக்குச் செம்பின் வயிற்றை வைத்தேன், வெள்ளைப் பொட்டை வைத்தேன், நிழலை வலப்பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.

ரிசல்ட் வந்தது. எங்கள் மாடியில் பாஸானது ஒரே ஒருவர், அந்த அக்கா.

அவர் சான்றிதழை வகுப்புக்கே எடுத்து வந்திருந்தார். எப்படிக்கா போட்டீங்க என்று கேட்டேன். எரிச்சலை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“எனக்குத்தான் எதுவும் மனசுல நிக்காதேம்மா. முன்னாடி வச்சிருந்ததப் பாத்துப் போட்டேன்” என்றார்.

வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சான்றிதழை என் பக்கம் நகர்த்தினார்.

“நான் இத வச்சு என்னம்மா பண்ணப் போறேன். ஒனக்கு எதாச்சும் ஆவுமா பாரு.”

அதில் அவர் பெயர் அழகாக எழுதியிருந்தது. ஆகாதுக்கா என்றேன்.