மேடத்தை மாற்றச் சொல்லி வேண்டினேன்

அகிலாண்டேஸ்வரி அம்மனின் பிள்ளைகள் எல்லோருக்கும் முசிறி சுகன்யாவின் வணக்கம். நீங்கள் அழுது வரம் வாங்கியிருப்பீர்கள். நான் சண்டை போட்டு வாங்கினேன்.

தினமும் பஸ் பிடித்துத் திருச்சிக்கு வந்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தேன். முதல் வருடமே லேப் மேடம் எல்லோர் முன்னாலும், "உனக்கெல்லாம் கெமிஸ்ட்ரி வராதும்மா. போய் வாழைத்தார் எண்ணு" என்றார். எங்கள் அப்பா வாழை விவசாயி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதென்று சொல்லிவிட்டார்களே, பிறகு எதற்குப் படிக்க வேண்டும்? புத்தகத்தைத் தொடவில்லை.

லேபில் பியூரெட் என்று ஒரு கண்ணாடிக் குழாய். அதிலிருந்து கீழே இருக்கும் குடுவையில் ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசான ரோஸ் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். நான் ஆத்திரத்தில் திருகுவேன், எல்லாம் கத்தரிப்பூ நிறமாகிவிடும். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கரைசல்தான். அதனால் பக்கத்துப் பெண்ணுக்கு எத்தனை மில்லி ஆனது என்று பார்த்து எழுதிவிடுவேன்.

பிராக்டிகலில் பெயிலானேன். அப்பா சத்தமே போடவில்லை.

"இன்னும் ரெண்டு தடவ பாப்போம் பாப்பா. அப்புறம் வீட்ல இரு."

ஆடி வெள்ளி. திருவானைக்காவலில் கூட்டம் நெரித்தது. அம்மன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "அந்த மேடத்த மாத்திரு. அது போதும்."

ஆவணியில் அந்த மேடம் வேலையை விட்டுப் போனார். சத்தியமாகச் சொல்கிறேன், போய்விட்டார்! ஓடிப்போய் நெய்விளக்கு ஏற்றினேன்.

ஐப்பசியில் மறுபடியும் பெயில்.

புது மேடம் கூப்பிட்டுக் கேட்டார். "பரீட்சைல ஒவ்வொருத்தருக்கும் வேற வேற கரைசல்ங்க. நீங்க பக்கத்துப் பொண்ணோட ரீடிங்க எழுதி வச்சிருக்கீங்க. பியூரெட்ட தொட்டீங்களா, இல்லையா?"

தொடவில்லை.

நேராகக் கோயிலுக்குப் போய்ச் சன்னதியில் கத்தினேன். "கேட்டதக் குடுத்துட்டு ஏமாத்திட்டியே!" சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அப்போதுதான் அம்மனின் தாடங்கம் கண்ணில் பட்டது. உக்கிரமாக இருந்தவளின் கோபத்தையெல்லாம் அந்தக் காதணிகளில் இறக்கி வைத்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. கோபம் போகவில்லை, இருக்கிற இடம்தான் மாறியது. என்னுடையதை எங்கே வைப்பது? திட்டுவதற்கு மேடமும் இல்லை. நான்தான் மிச்சம்.

மறுநாளிலிருந்து வகுப்பு முடிந்ததும் லேபுக்குப் போனேன். கத்தரிப்பூ, கத்தரிப்பூ, மறுபடியும் கத்தரிப்பூ. பல்லைக் கடித்துக்கொண்டு கழுவிவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பேன். மார்கழியில் ஒரு நாள் கடைசி ஒரு சொட்டில் ரோஸ் வந்து நின்றது. லேபிலேயே அழுதேன்.

சித்திரையில், கடைசித் தடவையில், பாஸ். அப்பா ஊருக்கே பூவம்பழம் கொடுத்தார்.

இப்போது முசிறியில் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். யாராவது "எனக்கு வராதுக்கா" என்றால் கெட்ட கோபம் வரும். அந்தப் பிள்ளை மேல் இல்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல். அந்த மேடத்தை இன்னும் நான் மன்னிக்கவில்லை, அம்மனிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

நீங்களும் வாருங்கள். அழ வராவிட்டால் சண்டை போடுங்கள், அவள் தாங்குவாள். ஆனால் கேட்டதை அப்படியே கொடுத்துவிடுவாள், ஜாக்கிரதை. அதற்குப் பிறகு பழி போட ஆள் இருக்காது.