முன்னால் இருந்த சைபர்

வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டு டயாலிசிஸ் மையத்தில் கிடக்கிறேன். இடது கையில் இரண்டு ஊசி. கையை அசைத்தால் இயந்திரம் கத்தும்; இயந்திரம் கத்தினால் தாதி கத்துவார். அந்தத் தடித்த சுவர்களுக்குள் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. மையத்தின் வைஃபை இல்லையென்றால் வெளியுலகம் இல்லை.

சிறுநீரகம் கெடுவதற்கு முன் ஈப்போவில் ஒரு ஹோட்டலில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். வேலை போனபின் யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. அதனால்தான் ஒரு நாள் காலை தலைமைத் தாதி வந்து கேட்டபோது உடனே தலையாட்டினேன்.

"அண்ணே, வைஃபை பெட்டி மாத்துறோம். பழசுல இருக்கிற விருந்தாளிங்க லிஸ்ட புதுசுல ஏத்திக் குடுங்களேன். சும்மாதானே இருக்கீங்க."

அந்தச் 'சும்மா' சுருக்கென்று தைத்தது. விருந்தாளிகள் என்றால் நாங்கள்தான், நோயாளிகளும் கூட வருபவர்களும். எங்கள் போன் நம்பரை அடித்தால்தான் வைஃபைக்குள் நுழையலாம்.

பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முந்தின நாள் தெலுக் இந்தானில் அவருடைய மூத்த சகோதரி இறந்துவிட்டார். தாயில்லாத இவரைத் தூக்கி வளர்த்தவர். போயிருப்பார், ஆனால் போன மாதம் ஒரு நாள் டயாலிசிஸைத் தவறவிட்டதில் நுரையீரலில் நீர் கோத்து, பிழைத்ததே பெரிய பாடு.

"பதினோரு மணிக்கு எடுக்குறாங்க தம்பி. மவ போன்ல காட்றேன்னு சொல்லியிருக்கா. மொகத்த ஒரு வாட்டி பார்த்துட்டா போதும்."

"பத்தே நிமிசம் அக்கா. வைஃபை எங்கயும் ஓடிப்போகாது லா" என்றேன். மணி பத்து.

மடிக்கணினியை மடியில் வைத்து, ஒற்றைக் கையால் பட்டியலை இறக்கினேன். "வராதவங்கள எடுத்துடுங்கண்ணே" என்றார் தாதி. வராதவர்கள் யாரென்று எல்லாருக்கும் தெரியும். எக்செலில் திறந்து, இறந்துபோனவர்களின் வரிகளை ஒவ்வொன்றாக அழித்து, அதே கோப்பில் சேமித்தேன். புதுப் பெட்டி கொண்டுவந்த கடைக்காரர் பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். புதுப் பெட்டியில் பட்டியலை ஏற்றினேன். பச்சை விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

"என்னது, உள்ள விடவே மாட்டேங்குது" என்று அக்கா போனைத் தட்டினார். பத்து ஐம்பதுக்குக் காரணம் பிடிபட்டது. எக்செல் எல்லா நம்பரிலும் முன்னால் இருந்த சைபரைத் தின்றுவிட்டிருந்தது; 012 என்று தொடங்கும் நம்பர் வெறும் 12 ஆகியிருந்தது. ஹோட்டலில் புதிதாக வரும் பையன்கள் செய்தால் நான் திட்டித் தீர்க்கும் தப்பு.

வெளியே சொல்லவில்லை. சைபர்களைத் திரும்பப் போட்டேன். ஏற்றினேன், பெட்டி ஏற்க மறுத்தது. மறுபடி திருத்தினேன். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை அசைத்தேன் போலிருக்கிறது; இயந்திரம் கத்தியது, தாதி வந்து கத்தினார்.

பதினொன்று இருபதுக்கு வைஃபை வந்தது. அதே நிமிடம் அக்காவின் போன் அடித்தது. திரையில் ஒரு வீட்டு வாசல். யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன வாட்டிம்மா கூப்புடுறது? இப்பத்தான் எடுத்துட்டுப் போனாங்க" என்று மகளின் குரல் உடைந்தது.

அக்கா அந்த ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை மடியில் கவிழ்த்தார்.

"நீங்க என்ன தம்பி செய்வீங்க, மிசின் கோளாறு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து ஐம்பதுக்கே, "முன்னால உள்ள கோசோங்க, அந்த சைபர, விட்டுட்டு மீதி நம்பர அடிங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நிமிடமே நுழைந்திருப்பார். முழுப் பட்டியலையும் சரிசெய்து காட்டும் வீம்பில் எனக்கு அது தோன்றவே இல்லை.

எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஊசி இழுத்துப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. என் கைக்கு எட்டும் தூரத்தில் அவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைக்க அவருக்கும் ஒரு கைதான்.

இப்போதும் வாரம் மூன்று நாள் அவர் பக்கத்தில்தான் கிடக்கிறேன். மிசின் கோளாறு இல்லை என்று இன்னும் சொல்லவில்லை.